அனகோண்டாவை எடுத்துவிட்டு எதை வைப்பது? பைத்தான் டாட் ஆர்க், மினிஃபோர்ஜ், யூவி

குளுகோர்காரன், பினாங்கு

வணக்கம் நண்பர்களே. பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவுக்காகக் கேட்கிறேன். 40 விண்டோஸ் 11 கணினிகள், 3 உபுண்டு 24.04 சர்வர்கள். விண்டோஸ் எல்லாவற்றிலும் பழைய அனகோண்டா (பைத்தானையும் அதன் நூலகப் பேக்கேஜ்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு) இருக்கிறது. பெரும்பாலோர் தனிச் சூழல் (தனிப் பேக்கேஜ் தொகுதி) எதுவும் உருவாக்காமல் அதனுடனேயே வரும் பேஸ் சூழலிலேயே வேலை செய்கிறார்கள். நிறுவனத்தில் மொத்தம் 600 பேருக்கு மேல். உரிமம் வாங்காமல் இதை வைத்திருக்க முடியாது, எடுத்துவிடுங்கள் என்று ஐடி பிரிவு சொல்லிவிட்டது.

பயன்படுத்தும் பைத்தான் நூலகங்கள் நம்பை, சைப்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப், ஓபன்சிவி, பைடேபிள்ஸ், கருவிகளோடு பேச பைவிசா. உற்பத்தி லைனில் இருக்கும் 12 கணினிகளுக்கு இணையம் கிடையாது. அவற்றில் இரண்டு, பழைய கருவி ஒன்றின் 32 பிட் டிஎல்எல்லை (விண்டோஸ் நூலகக் கோப்பு) பைத்தான் வழியாக அழைக்கின்றன.

பிரிவுக்குள் மூன்று கருத்து. அனகோண்டாவின் சிறிய வடிவமான மினிகோண்டா இலவசம், அதற்கு மாறினால் போதும் என்கிறார் ஒருவர். அதிகாரப்பூர்வமானது பைத்தான் டாட் ஆர்க் தளத்தின் இன்ஸ்டாலர் மட்டும்தான், மற்றது எதையும் தொடாதீர்கள் என்கிறார் இன்னொருவர். புதிதாகச் சேர்ந்தவர்கள் பைத்தானையும் பேக்கேஜ்களையும் நிறுவும் யூவி என்ற கருவி என்கிறார்கள். எதை எடுப்பது, எப்படி மாறுவது?

பிரிக்ஃபீல்ட்ஸ் அகிலா, கோலாலம்பூர்

மினிகோண்டாவுக்கு மாறினால் உரிம விஷயத்தில் ஒன்றும் மாறாது. அந்த யோசனையை முதலில் தள்ளி வையுங்கள்.

உரிம நிபந்தனை, பேக்கேஜ்களை நிறுவும் கோண்டா என்ற நிரலின் மேல் இல்லை. அது பிஎஸ்டி உரிமத்தில் வரும் திறமூல நிரல். நிபந்தனை, பேக்கேஜ்கள் இறங்கி வரும் சேனலின் மேல். அனகோண்டா நிறுவனம் நடத்தும் ‘டிஃபால்ட்ஸ்’ சேனலை 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு என்பது 2020 முதல் உள்ள விதி. அந்த எண்ணிக்கை முழு நிறுவனத்துக்கு. சோதனைப் பிரிவில் 20 பேர்தானே என்று கணக்குச் சொல்ல முடியாது. மினிகோண்டாவில் ஆரம்பத்தில் குறைவான பேக்கேஜ்கள் இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் அடுத்து எதை நிறுவினாலும் அதே டிஃபால்ட்ஸிலிருந்துதான் வரும்.

மினிஃபோர்ஜ் அப்படி இல்லை. அது கோண்டா-ஃபோர்ஜ் சமூகம் வெளியிடுவது, ஆரம்பத்திலிருந்தே கோண்டா-ஃபோர்ஜ் சேனலை மட்டும் பார்க்கும். அந்தச் சேனலுக்கு இந்தக் கட்டண விதி பொருந்தாது. உங்கள் ஆட்களுக்குக் கட்டளைகளும் அதேதான், புதிதாகப் பழக வேண்டியது குறைவு.

ஆனால் மினிஃபோர்ஜைப் போட்டுவிட்டோம், முடிந்தது என்று நினைக்காதீர்கள். டிஃபால்ட்ஸ் திரும்ப நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன.

பயனரின் ஹோம் கோப்புறையில் கிடக்கும் பழைய ‘.கோண்டாஆர்சி’ கோப்பு. அனகோண்டாவை நீக்கினாலும் அது அங்கேயே இருக்கும். மினிஃபோர்ஜ் வந்ததும் அதையே படித்து, அதில் டிஃபால்ட்ஸ் என்று எழுதியிருந்தால் அங்கேயே போய் எடுக்கும். ‘கோண்டா கான்ஃபிக் --ஷோ-சோர்சஸ்’ போட்டால் எந்தக் கோப்பிலிருந்து எந்தச் சேனல் வருகிறது என்று காட்டும்.

பழைய ‘என்விரான்மென்ட்.யாமல்’ கோப்புகளின் சேனல் பட்டியல். அதில் ‘டிஃபால்ட்ஸ்’ என்ற வரி இருந்தால் நீக்கிவிட்டு ‘நோடிஃபால்ட்ஸ்’ என்று சேருங்கள்.

‘கோண்டா லிஸ்ட் --எக்ஸ்ப்ளிசிட்’ மூலம் எடுத்து வைத்த பட்டியல்கள். இவற்றில் பேக்கேஜ் பெயர் இருக்காது, முழு முகவரி இருக்கும். எந்தக் கணினியில் ஓட்டினாலும் அந்த முகவரிக்கே போகும். இவற்றைத் திருத்திப் பயனில்லை, புதிதாக எடுக்க வேண்டும்.

ஐடி பிரிவிடம் ஃபயர்வாலில் ‘ரெப்போ.அனகோண்டா.காம்’ என்பதை அடைக்கச் சொல்லுங்கள். ‘கோண்டா.அனகோண்டா.ஆர்க்’ என்பதை அடைக்கச் சொல்லாதீர்கள். பெயரைப் பார்த்துப் பலரும் இரண்டையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள், ஆனால் கோண்டா-ஃபோர்ஜின் கோப்புகள் அந்த இரண்டாவது முகவரியில்தான் இருக்கின்றன. கடைசியில் ‘கோண்டா லிஸ்ட் --ஷோ-சேனல்-யூஆர்எல்ஸ்’ போட்டு, சேனல் நெடுவரிசையில் கோண்டா-ஃபோர்ஜும் பைபிஐயும் (பைத்தானின் பொதுப் பேக்கேஜ் கிடங்கு) தவிர வேறு எதுவும் இல்லை என்று ஒவ்வொரு சூழலிலும் பாருங்கள். ஐடி பிரிவுக்குக் காட்டவும் அதுவே ஆதாரம்.

பட்டர்வொர்த் செல்வன், பினாங்கு

அகிலா அக்கா சொன்ன உரிம விவரத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் பட்டியலைப் பார்த்தால் கோண்டாவே தேவையா என்று கேட்க வேண்டும்.

நம்பை, சைப்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப், ஓபன்சிவி, பைடேபிள்ஸ் எல்லாவற்றுக்கும் பைபிஐயில் 64 பிட் விண்டோஸ் வீல் கோப்புகள் (முன்கூட்டியே கம்பைல் செய்தவை) இருக்கின்றன. நம்பை வீலுக்குள்ளேயே ஓபன்பிளாஸ் கணித நூலகம் இருக்கிறது, பைடேபிள்ஸ் வீலுக்குள் எச்டிஎஃப்5 தரவு நூலகம் இருக்கிறது. விண்டோஸில் கம்பைலர் இல்லாமல் இவற்றை நிறுவ முடியாததால்தான் ஒரு காலத்தில் எல்லோரும் அனகோண்டாவுக்குப் போனார்கள். அந்தக் காரணம் இப்போது உங்களுக்கு இல்லை. பைவிசா முழுக்கப் பைத்தானில் எழுதியது. அதற்கு அடியில் கருவி நிறுவனத்தின் விசா டிரைவரை (கருவிகளோடு பேசும் மென்பொருள்) பயன்படுத்துவதானால், அதைக் கோண்டாவும் தராது, பைபிஐயிலிருந்து நிறுவும் பிப்பும் தராது. அந்த நிறுவனத்தின் இன்ஸ்டாலரைத் தனியாகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஜிடால் போன்ற நிலவரைபட நூலகமோ, பைத்தான் அல்லாத பெரிய சி++ நூலகங்களோ, கிராஃபிக்ஸ் கார்டில் கணக்கிட உதவும் கூடாவின் குறிப்பிட்ட பதிப்போ வேண்டும் என்றால் நானும் கோண்டா-ஃபோர்ஜ் என்றுதான் சொல்வேன். நீங்கள் கேட்ட பட்டியலில் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே பைத்தான் டாட் ஆர்க். ஆனால் எந்தப் பதிப்பு என்பதில் கவனம். ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் 5 வருட ஆதரவு என்று சொல்வார்கள். அந்த 5 வருடமும் விண்டோஸ் இன்ஸ்டாலர் கிடைக்காது. பிழைத்திருத்தக் காலம் முடிந்ததும் பாதுகாப்புத் திருத்தங்கள் மூலநிரலாக மட்டுமே வெளியாகும். 3.10-க்குக் கடைசி இன்ஸ்டாலர் 3.10.11. 3.11-க்கு 3.11.9, 2024 ஏப்ரலில் வந்தது. 3.12-க்கு 3.12.10, 2025 ஏப்ரல். அதற்குப் பிறகு வந்த பாதுகாப்புத் திருத்தங்களை விண்டோஸில் வேண்டுமென்றால் நீங்களே கம்பைல் செய்ய வேண்டும். 3.13 முதல் பிழைத்திருத்தக் காலத்தை 2 வருடமாக நீட்டியிருக்கிறார்கள், அதாவது 3.13-க்கு 2026 அக்டோபர் வரை இன்ஸ்டாலர் கிடைக்கும். இப்போது மாறுகிறவர்கள் 3.12-ஐ எடுக்கக் காரணமே இல்லை. 3.13 எடுங்கள், எல்லாப் பேக்கேஜுக்கும் வீல் இருக்கிறதென்று உறுதியானால் 3.14.

நிறுவும்போது ‘எல்லாப் பயனருக்கும்’ என்று தேர்ந்தெடுத்தால் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போகும். அங்கே சாதாரணப் பயனருக்கு எழுதும் அனுமதி இல்லை. அவர் பிப் இன்ஸ்டால் போட்டால் பிப் நிற்காது, ஒரு வரி எச்சரிக்கையோடு பயனரின் ஆப்டேட்டா கோப்புறையில் நிறுவிவிடும். அந்தக் கோப்புறையை அதே எண் கொண்ட கோண்டா சூழல்களும் படிக்கும். சூழலுக்குள் ஒரு நம்பை, ஓடுவது வேறொரு நம்பை என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. ‘பைத்தான்நோயூசர்சைட்’ என்ற சூழல் மாறியை 1 என்று எல்லாக் கணினிகளிலும் வைத்துவிடுங்கள். வேலை எல்லாம் பைத்தானோடு வரும் ‘வென்வ்’ உருவாக்கும் தனிச் சூழலுக்குள் நடக்கட்டும்.

இன்னொன்று. கட்டளைத் திரையில் பைத்தான் என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தால், விண்டோஸ் அமைப்புகளில் ஆப் எக்சிகியூஷன் ஏலியஸ் பகுதிக்குப் போய் இரண்டு பைத்தான் வரிகளையும் அணையுங்கள். ஸ்டோர் பைத்தானைத் தொழிற்சாலையில் வைக்க வேண்டாம். அது ஆப்டேட்டாவில் எழுதுவதையும் ரெஜிஸ்ட்ரியில் எழுதுவதையும் வேறு இடத்துக்குத் திருப்பிவிடும். நிரல் எழுதிய கோப்பை வேறு மென்பொருள் தேடினால் கிடைக்காது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அகிலா

தம்பி செல்வன் சொன்ன இன்ஸ்டாலர் விஷயம் முக்கியமானது, அதனால்தான் நான் கோண்டா-ஃபோர்ஜை விடமாட்டேன் என்கிறேன். 3.11.9-க்குப் பிறகு வந்த 3.11 பாதுகாப்பு வெளியீடுகளைக் கோண்டா-ஃபோர்ஜ் கம்பைல் செய்து விண்டோஸுக்கும் தருகிறது. சோதனை நிரலைச் சரிபார்த்து முடித்த ஒரு பைத்தான் பதிப்பில் 3, 4 வருடம் நிற்க வேண்டிய தொழிற்சாலைக்கு அது பெரிய வசதி. ‘அதிகாரப்பூர்வமானது’ என்பதால் மட்டும் திருத்தங்கள் தொடர்ந்து கைக்கு வந்துவிடாது.

யூவி பற்றியும் யாராவது சொல்ல வேண்டுமே. யூவி தானே பைத்தானை இறக்கும், ஆனால் அது இறக்குவது பைத்தான் டாட் ஆர்க்கின் பைத்தான் இல்லை. ‘பைத்தான்-பில்ட்-ஸ்டாண்ட்அலோன்’ என்ற திட்டத்தின் கட்டமைப்புகள் அவை. யூவியை உருவாக்கும் ஆஸ்ட்ரல் நிறுவனம் 2024 டிசம்பரில் அந்தத் திட்டத்தைப் பொறுப்பெடுத்தது. ஆக யூவி எடுப்பவர்களும் மூன்றாம் தரப்புப் பைத்தானையே எடுக்கிறார்கள், அதில் தவறில்லை. பாதுகாப்பு வெளியீடுகளையும் கம்பைல் செய்து தருகிறார்கள். கோப்புகள் கிட்ஹப்பிலிருந்து வரும், நிறுவன ஃபயர்வால் அதை மறித்தால் உள் சர்வரில் நகல் வைத்து ‘யூவி பைத்தான் இன்ஸ்டால் --மிரர்’ என்று அந்த முகவரியைக் கொடுக்கலாம். பேக்கேஜ்கள் பைபிஐயிலிருந்தே வரும் என்பதால் ஜிடால், கூடா பற்றிச் செல்வன் சொன்ன வரம்பு யூவிக்கும் உண்டு. ‘யூவி.லாக்’ கோப்பில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷ் என்ற சரிபார்ப்பு எண்ணும் பதிவாவதால் 40 கணினிகளிலும் ஒரே சூழல் என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த ஒரு குணத்துக்காகவே நான் அதைப் பெரிதும் மதிக்கிறேன்.

உபுண்டு சர்வர்களுக்கு வேறு எதுவும் தேட வேண்டாம். 24.04-இல் வரும் 3.12-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டுவே தருகிறது, பதிப்பு எண் மாறாமல் திருத்தம் மட்டும் உள்ளே வரும். நேரடியாக பிப் போட்டால் ‘எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மென்ட்’ என்று மறுக்கும். அந்த மறுப்பு சர்வரைக் காப்பாற்றுவதற்காக. ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ போட்டு அதைத் தாண்டினால் உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் வைத்திருக்கும் பேக்கேஜோடு மோதும், உபுண்டுவின் சொந்தக் கருவிகளே பைத்தானில் எழுதியவை. ‘பைத்தான்3-வென்வ்’ என்ற பேக்கேஜை ஆப்ட் மூலம் நிறுவி, வென்வ் உருவாக்கி அதற்குள் வேலை செய்யுங்கள்.

செந்தூல் வாத்தியார், கோலாலம்பூர்

நடுவே வருவதற்கு மன்னிக்கவும். வார இறுதியில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பைத்தான் வகுப்பு, 8 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினிகள், மண்டபத்தின் வைஃபை மந்தம். எதைப் போடுவது?

பட்டர்வொர்த் செல்வன்

வாத்தியார் ஐயா, பைத்தான் டாட் ஆர்க் இன்ஸ்டாலர் 30 எம்பிக்குள் வரும், அனகோண்டா ஏறத்தாழ 1 ஜிபி. முன்கூட்டியே வீட்டில் இறக்கி பென்டிரைவில் கொண்டு போங்கள். முதல் திரையின் அடியில் ‘பாத்’தில் சேர்க்கும் பெட்டி குறியிடாமல் இருக்கும், அதைக் குறியிட்ட பிறகு நிறுவச் சொல்லுங்கள். மேக் கொண்டு வரும் மாணவருக்கு ‘செர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’ என்று வந்தால், அப்ளிகேஷன்ஸில் உள்ள பைத்தான் கோப்புறையில் ‘இன்ஸ்டால் செர்டிஃபிகேட்ஸ்’ கோப்பை ஒரு முறை ஓட்டினால் சரியாகிவிடும். நிரல் எழுத ஐடில் என்ற எடிட்டர் போதும், அது உடனேயே வருகிறது.

குளுகோர்காரன்

மிக்க நன்றி. புரிந்தவரை, அலுவலகக் கணினிகளுக்கு மினிஃபோர்ஜ் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், ஆட்களுக்குப் பழக்கம் இருப்பதால். மூன்று சந்தேகம். பேஸ் சூழலில் இருப்பதை எப்படிப் பட்டியல் எடுப்பது? ‘கோண்டா என்வ் எக்ஸ்போர்ட் --ஃப்ரம்-ஹிஸ்டரி’ போட்டால் ‘அனகோண்டா’ என்று ஒரே வரிதான் வருகிறது. இணையம் இல்லாத 12 கணினிகளுக்கு எப்படி? 32 பிட் டிஎல்எல்லை என்ன செய்வது?

பிரிக்ஃபீல்ட்ஸ் அகிலா

ஒரே வரி வருவது இயல்பு. ‘அனகோண்டா’ என்பது நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை ஒரே பெயரில் இழுத்து வரும் தொகுப்பு. நீங்களாகக் கேட்டது அது ஒன்றுதான் என்று கோண்டா பதிவு செய்திருக்கிறது. மேலும் அந்தக் கட்டளை பிப் மூலம் நிறுவியதைக் காட்டாது. முழு ஏற்றுமதியும் உதவாது, டிஃபால்ட்ஸின் பில்ட் எண்களோடு வரும், கோண்டா-ஃபோர்ஜில் அவை இருக்காது. நிரல் கோப்புகளில் உள்ள இம்போர்ட் வரிகளைத் திரட்டுவதே நேர்வழி. ‘பிப்ரெக்ஸ்’ என்ற கருவி கோப்புறை முழுவதையும் படித்துப் பட்டியல் தரும். அது தருவது பைபிஐ பெயர்கள் என்பதால் சிலவற்றை மாற்ற வேண்டும். பைபிஐயில் ‘டேபிள்ஸ்’ என்பது கோண்டாவில் ‘பைடேபிள்ஸ்’, ‘ஓபன்சிவி-பைத்தான்’ என்பது ‘ஓபன்சிவி’. வரைபடச் சாளரம் தேவைப்படாத கணினிகளுக்கு ‘மேட்பிளாட்லிப்-பேஸ்’ கேளுங்கள், சாளரத்துக்கான க்யூடி நூலகம் இறங்காது, அளவு நன்றாகக் குறையும்.

நிறுவும் இடத்தை சி டிரைவின் நேரடிக் கோப்புறையாக வையுங்கள். நம் பெயர்களில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) வரும். விண்டோஸ் பயனர் பெயரில் சாய்கோடு கூடாது என்பதால் ஐடி பிரிவுகள் இடைவெளி விட்டு எழுதுகின்றன. பிறகு ஹோம் கோப்புறையின் பெயரிலேயே இடைவெளி இருக்கும், அதற்குள் கோண்டாவை நிறுவினால் இன்ஸ்டாலரே எச்சரிக்கும்.

கோண்டாவையும் பிப்பையும் ஒரே சூழலில் கலந்தால் வரிசை முக்கியம். கோண்டாவில் கிடைப்பதையெல்லாம் ஒரே கட்டளையில் முதலில் நிறுவுங்கள். பிப் கடைசியில், ‘--நோ-டெப்ஸ்’ உடன். இல்லையென்றால் கோண்டா நிறுவிய நம்பையின் மேலேயே பிப் இன்னொன்றை எழுதும், கோண்டாவுக்கு அது தெரியாது. விண்டோஸில் ‘ஓஎம்பி எரர் 15’ என்று ஒன்று வருமே, ஒரே நிரலுக்குள் ஓபன்எம்பி நூலகத்தின் இரண்டு பிரதிகள் ஏறினால் வருவது அது. ‘கேஎம்பி டூப்ளிகேட் லிப் ஓகே’ மாறியை வைத்து அதை மறைக்கச் சொல்லும் பதில்கள் இணையத்தில் ஏராளம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பிழைச்செய்தியே, தவறான எண்கள் சத்தமில்லாமல் வரக்கூடும் என்று எச்சரிக்கிறது. அளவீட்டு எண்களை வைத்துப் பொருள் தேறியதா இல்லையா என்று முடிவு செய்யும் இடத்தில் அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது. சூழலை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள், 10 நிமிட வேலை.

எண்கள் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய அனகோண்டாவின் நம்பை இன்டெலின் எம்கேஎல் நூலகத்தோடு வந்தது. புதிய சூழலில் ஓபன்பிளாஸ் இருந்தால் கூட்டல் நடக்கும் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறலாம். பழைய சோதனைத் தரவை இரண்டு சூழலிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். சமமா என்று பார்க்காமல் ‘நம்பை ஆல்குளோஸ்’ கொண்டு சார்புப் பிழை எல்லை வைத்துப் பாருங்கள். எல்லைக்கு மேல் மாறினால் அந்த நிரலை ஆராயாமல் லைனுக்கு அனுப்ப வேண்டாம்.

பட்டர்வொர்த் செல்வன்

இணையம் இல்லாதவற்றுக்கு: மினிஃபோர்ஜ் வழி என்றால் ‘கோண்டா-பேக்’. இணையம் உள்ள ஒரு விண்டோஸ் கணினியில் சூழலை உருவாக்கிப் பொதி செய்து, லைன் கணினியில் விரித்து, ஆக்டிவேட் செய்து ‘கோண்டா-அன்பேக்’ ஒரு முறை ஓட்டுங்கள். அந்தக் கடைசிப் படியை விட்டால் பழைய கோப்புறைப் பாதைகள் உள்ளே அப்படியே இருந்து, சில கட்டளைகள் மட்டும் ஓடாமல் போகும், காரணம் தேடி அலைய வேண்டி வரும். கோண்டா கோப்புகளின் மேல் பிப் எழுதியிருந்தால் கோண்டா-பேக் பொதி செய்யவே மறுக்கும், அக்கா சொன்ன வரிசை இங்கேயும் உதவும்.

பைத்தான் டாட் ஆர்க் வழி என்றால் ‘பிப் டவுன்லோட்’ மூலம் வீல்களை ஒரு கோப்புறையில் சேர்த்து, அங்கே ‘--நோ-இண்டெக்ஸ்’, ‘--ஃபைண்ட்-லிங்க்ஸ்’ கொடுத்து நிறுவுங்கள். உபுண்டு சர்வரிலிருந்து இறக்குவதானால் தளம் (விண்டோஸ்), பைத்தான் பதிப்பு இரண்டையும் சொல்லி ‘--ஒன்லி-பைனரி’யும் சேர்க்க வேண்டும். தளம் சொல்லாவிட்டால் லினக்ஸ் வீல்கள் வந்து நிற்கும்.

நிறுவனப் பிராக்ஸி எச்டிடிபிஎஸ்ஸைப் பிரித்துப் பார்க்கும் வகை என்றால் பிப் 24.2 முதல் விண்டோஸின் சான்றிதழ்க் கிடங்கையே நம்பும். 3.11.9 உடன் வரும் பிப் 24.0, அது நம்பாது. கோண்டாவில் ‘எஸ்எஸ்எல் வெரிஃபை’ அமைப்பை ‘ட்ரஸ்ட்ஸ்டோர்’ என்று வையுங்கள். சரிபார்ப்பை அணைத்துவிடுவது தீர்வு ஆகாது.

32 பிட் டிஎல்எல்லை 64 பிட் பைத்தானுக்குள் ஏற்றவே முடியாது, ‘வின்எரர் 193’ வரும். கோண்டா-ஃபோர்ஜில் 32 பிட் விண்டோஸ் இல்லை. பைத்தான் டாட் ஆர்க் இன்னும் 32 பிட் இன்ஸ்டாலர் தருகிறது, அந்த இரண்டு கணினிகளுக்கு அதைப் போடுங்கள். ஆனால் சைப்பை போன்றவற்றுக்கு 32 பிட் வீல் இப்போது வருவதில்லை. ஆகவே பிரித்துவிடுங்கள். 32 பிட் பைத்தானில், அதனோடே வரும் சிடைப்ஸ் மட்டும் கொண்ட ஒரு சின்ன நிரல் டிஎல்எல்லை அழைக்கட்டும், லோக்கல் ஹோஸ்ட் சாக்கெட்டில் ஜேசனாகப் பதில் தரட்டும். கணக்கும் கோப்பும் 64 பிட் பக்கம் இருக்கட்டும். 32 பிட் நிரலுக்கு வெளிப் பேக்கேஜ் எதுவும் தேவைப்படாததால் பராமரிப்பும் எளிது.

லைன் கணினிகளில் ஜாவா இருந்தால் அதையும் இதே நேரத்தில் பாருங்கள். ஆரக்கிள் 2023 ஜனவரியில் ஜாவா சந்தாவை மொத்தப் பணியாளர் எண்ணிக்கைப்படி மாற்றியது. அடோப்டியம் திட்டத்தின் டெமுரின் என்ற ஜாவா கட்டணமில்லாதது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அகிலா

அனகோண்டாவை நீக்கும் முன் ஒவ்வொரு பயனர் கணக்கிலும் ‘கோண்டா இனிட் --ரிவர்ஸ் --ஆல்’ ஓட்டுங்கள். முதலிலேயே நீக்கிவிட்டால் பவர்ஷெல் புரொஃபைலில் அதன் வரிகள் கிடக்கும், கட்டளைத் திரை திறக்கும்போதெல்லாம் பாதை இல்லை என்று பிழை வரும். அப்படி ஆகிவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் நடப்புப் பயனர் பிரிவில், மைக்ரோசாஃப்ட்டின் கீழ் கமாண்ட் பிராசசருக்குள் ‘ஆட்டோரன்’ என்ற மதிப்பைப் பாருங்கள். அதில் கோண்டாவின் பாதை மட்டும் இருந்தால் அந்த மதிப்பை நீக்கலாம். வேறு ஏதாவது சேர்ந்திருந்தால் கோண்டா பகுதியை மட்டும் வெட்டுங்கள்.